நிறையில் முப்பது, எண்ணிக்கையில் முப்பது

5.7.1959, ஞாயிறு

இன்று இருபத்திரண்டு குப்பி கழுவினேன். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சீட்டை வாசித்துவிட்டுத்தான் கழுவினேன். போன வருடம் வரை அந்தச் சீட்டு எனக்கு அழுக்கு. நனைத்துச் சுரண்டி எறிவேன். இப்போது ஒரு குப்பி 'அமோனியா' என்கிறது, இன்னொன்று 'மெதில்' என்கிறது. எனக்காக யோகம்மா அம்மா தமிழில் எழுதி ஒட்டியவை. அவர் குமாரசிங்கம் ஐயாவின் மனைவி. தை மாதத்திலிருந்து சாயந்தரம் சாயந்தரம் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். "பெரியவர், கையை இறுக்கிப் பிடிக்காதேங்கோ, பேனா ஓடிப் போகாது" என்பார்.

என் பேர் சடையாண்டி, வயது அறுபத்து நாலு. நாற்பது வருடம் இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவன். கண் மங்கியதும் ஐயாவின் ஆராய்ச்சிக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். கழுவுவேன், கூட்டுவேன், நிறுப்பேன். பக்கத்திலேயே ஒரு சின்ன அறை, அதில் படுக்கிறேன்.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆனது. எழுதியதை மறுபடி வாசித்தேன். நான் சொன்னதையே சொல்கிறது!

12.7.1959

ஐயா இன்று ஒரு விசயம் சொன்னார். மறப்பதற்குள் எழுதுகிறேன்.

ரப்பர் என்பது ஒரே மாதிரி மணி கோத்த நீளச் சரமாம். கண்ணுக்குத் தெரியாத மணி. மெதில் எண்ணெயைப் பாலில் ஊற்றி மருந்து போட்டால், அந்தச் சரத்தில் வேறு மணிகள் கிளை கிளையாக ஒட்டிக்கொள்ளும். ரப்பர் கெட்டியாகிவிடும். சப்பாத்துக் குதிகாலுக்கு ஆகும். கொழும்பில் ஒரு சப்பாத்துக் கம்பனிக்காரர் கேட்டிருக்கிறார்.

ரப்பர் மணி ஒன்றின் நிறை அறுபத்தெட்டு என்று வை. மெதில் மணி நூறு. நூறு கிராம் தகட்டில் நாற்பது கிராம் மெதில், அறுபது கிராம் ரப்பர் இருக்கிறது. அப்படியானால் நூறு மணியில் நாற்பது மெதில் மணியா?

"நாப்பதுதானேங்க ஐயா" என்றேன்.

"இல்லை. மெதில் மணி பாரம் கூட. ஆனபடியால் எண்ணிக்கை குறையும். நிறையை மணியின்ரை நிறையாலை பிரியும்."

நாற்பதை நூறால் பிரித்தால் 0.40. அறுபதை அறுபத்தெட்டால் பிரித்தால் 0.88. இரண்டும் சேர்த்து 1.28. அதில் 0.40 எவ்வளவு பங்கு? 0.31. நிறையில் நாற்பது, எண்ணிக்கையில் முப்பத்தொன்று. இங்கிலீசில் மோல் பங்கு என்பார்களாம்.

"தராசுக்கு நிறை மட்டுந்தான் தெரியும். ஒண்டோடை ஒண்டு சேரேக்கை எண்ணிக்கைதான் கதை" என்றார் ஐயா.

நாற்பது வருடம் நான் சுமந்த பாலை எல்லோரும் நிறுத்தார்கள். ஒருவரும் எண்ணவில்லை.

13.7.1959

சோதித்துப் பார்த்தேன். கீழே விழுந்து கிடந்த ரப்பர் கொட்டை பொறுக்கினேன். யோகம்மா அம்மாவின் குசினியில் பலாக்கொட்டை வாங்கினேன். ரப்பர் கொட்டை ஒன்று சுமார் நாலு கிராம். பலாக்கொட்டை ஆறு. அறுபது கிராம் பலாக்கொட்டையும் நாற்பது கிராம் ரப்பர் கொட்டையும் நிறுத்து ஒரு பையில் போட்டுக் குலுக்கினேன். பிறகு கொட்டி எண்ணினேன்.

பத்து. பத்து.

நிறை அறுபது நாற்பது, எண்ணினால் சரிபாதி! தனியாக நின்று சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன பெரியவர், கொட்டையோடை கதைக்கிறியளோ?" என்றார்.

14.7.1959

பதினேழாம் வாய்பாடு பாடம்.

19.7.1959

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காலையில் பாட்டுச் சத்தத்தோடு தோட்டத்துப் பாதையால் போனார்கள். மோர் கொடுத்தோம்.

இன்று பாக்கியலெட்சுமி போய் இரண்டு வருடம். என் ஒரே மகள். பிரசவத்தில் போனாள், பிள்ளையும் போனது. விளக்கு ஏற்றினேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. ஊர் அழுதது, நான் விறகு எடுத்துக் கொடுத்தேன்.

அவள் புருசன் மாரிசாமி எட்டாம் மாதமே மடுல்சீமைக்குப் போய்க் கருப்பம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. தினமும் காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குப் பால் கொண்டு வருவது அவன்தான். வாளியை வைப்பான். நான் எடுப்பேன். ஒன்றரை வருடமாக அவ்வளவுதான்.

விளக்கை அணைத்துவிட்டு வகுத்தல் கணக்கு நாலு போட்டேன். நாலும் சரி.

27.7.1959, திங்கள்

ஐயா கொழும்புக்குப் போய்விட்டார், சனிக்கிழமைதான் வருவார். பாலின் கெட்டியைப் பார்க்கும் கண்ணாடி மிதவை விரிசல் விட்டுவிட்டது, அதையும் எடுத்துப் போயிருக்கிறார். "மாரிசாமியின்ரை மலைப் பால் எப்பவும் ஒரே மாதிரி. இரண்டு லீட்டருக்கு எழுநூறு கிராம் ரப்பர் எண்டு வைச்சுக்கொள்ளும்" என்றார்.

கம்பனிக்குப் போகவேண்டிய தகட்டை என்னிடமே விட்டிருக்கிறார். என்னிடம்! ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்: மெதில் 30, ரப்பர் 70.

28.7.1959

இன்று நான் செய்த கணக்கை முழுதாக எழுதி வைக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை.

துண்டில் முப்பது, எழுபது என்றுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தேன். இந்த மாதம் முழுக்க ஐயா எண்ணிக்கையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே இது மணிக் கணக்கு. தராசில் வைக்க நான் நிறையாக மாற்றவேண்டும். பழைய சடையாண்டியாக இருந்தால் முந்நூறு கிராம் ஊற்றிவிட்டுப் போயிருப்பான்.

எழுநூறை அறுபத்தெட்டால் பிரித்தேன். 10.29. அதை ஏழால் பிரித்து மூன்றால் பெருக்கினேன். 4.41. மெதில் மணி நூறு. நூறால் பெருக்கினால் 441.

மெதில் 441 கிராம் நிறுத்து ஊற்றினேன். மூக்கில் ஏறியது. மருந்து போட்டேன், மூடினேன்.

கையைக் கழுவிவிட்டு இதை எழுதுகிறேன். சந்தோசம்தான்.

30.7.1959

நேற்று அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் தகடாக்கிக் கழுவிக் காயப் போட்டேன். இன்று நிறுத்தேன். 1120 கிராம். வெள்ளைத் தகடு, நல்ல கெட்டி. சுண்டினால் டொக்கென்று சத்தம்.

1.8.1959

ஐயா வந்தார். களைப்பு. "எல்லாம் சரியோ?" "சரிங்க ஐயா." தகட்டை ஓரம் வெட்டிப் பொதி கட்டி அனுப்பியாயிற்று. கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன். கம்பனியிலிருந்து நல்ல கடிதம் வரட்டும், அன்றைக்குக் கணக்கு எழுதிய இந்தக் கொப்பியையே காட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

16.8.1959

கடிதம் வந்தது. தகடு வளைக்க முன்னம் முறிந்துவிட்டதாம். ஆணி அடித்தால் வெடிக்கிறதாம். வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

ஐயா சாப்பிடவில்லை.

18.8.1959

கொழும்பில் அந்தத் தகட்டைச் சோதித்த தாளும் வந்தது. முப்பதுக்குப் பதிலாக முப்பத்தெட்டரைக்கு மேல் மெதில் இருக்கிறதாம், நிறையில்.

ஐயா உட்கார்ந்து கணக்குப் போட்டார். "மெதில் முந்நூறுதான் ஊத்தினது. அப்ப ரப்பர் எழுநூறு இல்லை, நானூற்றிச் சொச்சம். பாலிலை மூண்டிலை ஒண்டு தண்ணி." என் பக்கம் திரும்பவேயில்லை. நான் எவ்வளவு ஊற்றினேன் என்று கேட்கவுமில்லை. நேரே ஒப்பீசுக்குப் போனார்.

பாலில் தண்ணீர் கலப்பது தோட்டத்தில் திருட்டு. மத்தியானம் மாரிசாமியைக் கூப்பிட்டார்கள். கணக்கப்பிள்ளை சத்தம் கொட்டகை வரை கேட்டது. "வாளி நிறைஞ்சா சரின்னு ஓடையில முக்குனியா? மத்தவனுக்கெல்லாம் பால் வருது, உனக்கு மட்டும் மரத்துல இருந்து தண்ணி வருதா?"

"தண்ணி ஊத்தலைங்க. எங்க ஆத்தா மேல சத்தியமாங்க."

வேலைப் பட்டியலில் அவன் பேரை வெட்டுகிறார்களாம். மாதம் முடிய அவன் குடியிருக்கும் காம்பராவைக் காலி செய்யவேண்டும். வேலையை விட்டு அனுப்பும்போது தரும் பத்துச்சீட்டில் திருட்டு என்று எழுதிக் கொடுத்தால் வேறு எந்தத் தோட்டத்திலும் அவனை எடுக்கமாட்டார்கள்.

19.8.1959

பழைய பக்கத்தைத் திருப்பி வாசித்தேன்.

மெதில் 441.

மெதில் 441.

துண்டில் இருந்தது நிறை. ஐயா எப்போதும் துண்டில் நிறைதான் எழுதுவார், தராசுக்குப் போகிற துண்டு அல்லவா. எனக்கு மணிக் கணக்குத் தெரியும் என்ற மிதப்பில் நான்தான் மாற்றினேன். பழைய சடையாண்டி, எழுத்துத் தெரியாதவன், முந்நூறு ஊற்றியிருப்பான். தகடு வளைந்திருக்கும்.

சரிபார்த்தேன். 441ஐயும் 700ஐயும் கூட்டி, 441 எவ்வளவு பங்கு என்று பிரித்தேன். 38.65. கொழும்புத் தாளில் இருப்பதும் அதுதான். கணக்கு அச்சொட்டாகச் சரி.

சரியான கணக்கு.

20.8.1959

ஒன்றும் செய்யவில்லை. குப்பி கழுவினேன்.

பால் கொண்டு வந்தது வேறு ஆள். "உங்க மருமகன் கத முடிஞ்சிது, பெரியப்பா. சந்தோசந்தானே?" என்றான். நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தோட்டமே அப்படித்தான் நினைக்கிறது. சடையாண்டிக் கிழவனுக்கு இன்று நெஞ்சு குளிர்ந்திருக்கும் என்று.

குளிரவில்லை. சுடவுமில்லை. கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன், அடிக்கிறது, அவ்வளவுதான்.

பேசாமல் இருந்தால் என்ன? யார் கேட்கப்போகிறார்கள்? மெதில் குப்பியில் எவ்வளவு குறைந்தது என்று எழுதி வைப்பவன் இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். இந்தக் கொப்பியை அடுப்பில் போட்டால் முடிந்தது.

போடமுடியாது. ஏழு மாதம் படித்த எழுத்து.

அதற்காக மட்டுந்தானா?

21.8.1959

ஓடைப் பக்கம் போனேன். கருப்பம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வயிறு ஐந்து ஆறு மாதம் இருக்கும், இதுவரை எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் நான் அவளை ஏறிட்டுப் பார்த்ததேயில்லை. என்னைக் கண்டதும் எழுந்து பாதையை விட்டு விலகி நின்றாள்.

22.8.1959

ஐயாவிடம் கொப்பியைக் காட்டினேன். போன மாதம் இருபத்தெட்டாம் திகதிப் பக்கம். வாசித்தார். மறுபடி வாசித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இதை ஆரும் பாத்தவையோ?"

"இல்லைங்க."

"பெரியவர், இதை விடும். படிப்பறியாத ஒரு ஆளிட்டைத் தகட்டை விட்டிட்டுப் போனன் எண்டால் துரை கொட்டகையையே பூட்டிப் போடுவார். நாலு வருச வேலை எனக்கு."

"படிப்பறியாத ஆள் இல்லீங்களே ஐயா. தெரிஞ்சதாலதானே இப்படி ஆச்சு."

யோகம்மா அம்மா கதவருகே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை வயித்தோடை எங்கை போவாள்?" என்று மட்டும் கேட்டார், புருசனைப் பார்த்து.

24.8.1959, திங்கள்

காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். நாற்பது வருடம் பேர் கூப்பிடும்போது நின்ற இடம். இன்று கூப்பிடாமல் போய் முன்னால் நின்றேன். துரை வந்ததும் கும்பிட்டேன். கணக்கப்பிள்ளைதான் அவருக்கு இங்கிலீசில் சொல்லவேண்டும்.

"மாரிசாமி பாலில தண்ணி இல்லீங்க. நான்தான் மெதில் கூட ஊத்தினேன். முந்நூறுக்கு நானூத்தி நாப்பத்தொண்ணு."

கணக்கப்பிள்ளை சிரித்தார். "அ ஆவன்னா படிச்சு எட்டு மாசம் ஆகலே, வக்கீல் வேல பாக்கிறியா? என்னப்பா, மாமனும் மருமகனும் ராசி ஆயிட்டீங்களா?"

சனங்கள் சிரித்தார்கள். மாரிசாமி பின்வரிசையில் நின்றான். சிரிக்கவில்லை.

நான் கொப்பியைத் திறந்து வாசித்தேன். பெரட்டில் நான் வாசிப்பதை யாரும் கேட்டதில்லை. சத்தம் குறைந்தது. முப்பதாம் திகதி வரை வாசித்தேன். "பாலில தண்ணி இருந்தா ரப்பர் நானூத்தம்பது, அஞ்ஞூறு. மெதில் முந்நூறு. ரெண்டும் சேந்து எண்ணூறு கிராமைத் தாண்டாதுங்க. நான் காயவச்சு நிறுத்தது ஆயிரத்து நூத்திருபதுங்க. தண்ணி நிறை கூட்டுமாங்க, காஞ்சதுக்கப்புறம்?"

கணக்கப்பிள்ளை, "தகடு கொழும்புக்குப் போச்சு. உன் நோட்டுக்கு உன் நோட்டே சாட்சியா?" என்றார்.

கொப்பியை மூடாமல் நின்றேன்.

அப்போது ஐயாவின் சத்தம். எப்போது வந்தார் என்று தெரியாது. துரையிடம் இங்கிலீசில் பேசினார், நீளமாக. பிறகு எனக்குச் சொன்னார்: "மாரிசாமியின்ரை பால் இண்டைக்கு எடுப்பம். ஒண்டுக்கு முந்நூறு, ஒண்டுக்கு நானூற்றி நாப்பத்தொண்டு. நீரே ஊத்தும். நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

28.8.1959

இரண்டு தகடும் காய்ந்தது. துரையே வந்தார். முந்நூறு போட்ட தகட்டை வளைத்தார். வளைந்து நிமிர்ந்தது. 441 போட்ட தகட்டை வளைத்தார். பிஸ்கட் மாதிரி முறிந்தது. துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மாரிசாமியின் பேர் வெட்டப்படவில்லை.

ஐயாவுக்கு ஏச்சு. ஆனால் கொட்டகை பூட்டவில்லை, சப்பாத்துக் கம்பனிக்குப் புதுத் தகடு போகிறது. எனக்கு இனிக் கொட்டகையில் வேலை இல்லை. வயது போனவன், மருந்துச் சாமான் பக்கம் விடக்கூடாது என்று துரை உத்தரவு. அறையையும் விடவேண்டும்.

"இதிலை உம்மடை பிழை பாதி, என்ரை பிழை பாதி, பெரியவர். துண்டிலை 'நிறை' எண்டு ஒரு சொல் நான் எழுதியிருக்கவேணும்."

"நிறையில பாதியாங்க ஐயா, எண்ணிக்கையில பாதியாங்க?"

கேட்டுவிட்டேன். ஐயா சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

31.8.1959

பெட்டி ஒன்று, பாய் ஒன்று, கொப்பி. அறையைக் கூட்டினேன். வெளியே வந்தால் மாரிசாமி நிற்கிறான், கையில் வாளி இல்லாமல்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே, மாமா."

"இருந்திருக்கலாம்."

"ஏன் சொன்னீங்க?"

யோசித்தேன். "கணக்குச் சரியா வந்திருச்சு" என்றேன்.

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா என்று பார்த்தேன். ஆமாம். எதற்கு என்று கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், பாக்கியத்துக்குத்தான் என்று. நானும் அழலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தான் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்தான். பாயையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

8.11.1959, ஞாயிறு

பத்து நாளாக மழை. பால் வெட்டு இல்லை. மொனராகலை பஸ் நேற்றும் வரவில்லை.

கருப்பம்மா மடுல்சீமையில் இருக்கும் அவள் தாய்க்குக் கடிதம் எழுதச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு தாயோடு பேச்சுப் போக்குவரத்து இல்லை, தாரம் இழந்தவனுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று கோபம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வேகமாகச் சொல்கிறாள். "மெதுவா, தாயி, என் கை மாட்டு வண்டி" என்றேன். மாரிசாமி மூலையில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டு, "மாமா கையி வண்டின்னா இவ வாயி ரயிலு" என்றான். கத்தியைப் பிடுங்க வருவது போல அவள் வந்தாள்.

அவள் சொன்னது இது: சுகம். இந்த மாதக் கடைசியில் பிள்ளை பிறக்கும். இந்தத் தரம் முன்கூட்டியே வதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். பயம் இல்லை, பெரிய ஆள் ஒருவர் கூட இருக்கிறார். முடிந்தால் வந்து பாரு, ஆத்தா.

'இந்தத் தரம்' என்று அவள் சொன்னபோது என் பேனா நின்றது. அவளுக்கு இதுதான் முதல் பிள்ளை. அவள் சொன்னது பாக்கியத்தை வைத்து. மாரிசாமியின் கத்திச் சத்தமும் நின்றது. பிறகு எழுதினேன். சொன்னபடியே எழுதினேன்.

உறையில் அனுப்புகிறவர் பேர் யாருடையதைப் போடுவது என்று கேட்டேன்.

"இவரு பேரப் போட்டா எங்காத்தா பிரிக்காமலே கிழிச்சுப் போடும். உங்க பேரையே போடுங்க, மாமா."

போட்டேன். நல்ல கெட்டி எழுத்தில், மழையில் கரையாதபடி பென்சிலால்.

சடையாண்டி,
மாரிசாமி காம்பரா,
ஐந்தாம் லயம்.